நிற்கிற மரத்தின் கன அளவு

தொண்ணூறு. கால் சரியாக ஊன்றுவதற்குள்ளேயே வந்துவிட்டது. நாற்பது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். பேசக்கூடாது, மரத்தைத் தொடக்கூடாது, நாடாவை எடுக்கக்கூடாது, கண்ணால் பார்த்து இந்த மரம் எத்தனை கன மீட்டர் என்று சீட்டில் ஒரே ஒரு எண் எழுத வேண்டும், அதையும் யாரிடமும் காட்ட வேண்டியதில்லை, அது உங்களுக்கு மட்டும் என்று ஜெபமலர் மேடம் சொல்லிவிட்டுப் போனார், முதல் வகுப்பை இப்படித்தான் தொடங்குவாராம். நான் மூன்று மூச்சு விடவில்லை, தொண்ணூறு கன அடி என்று வாய்க்குள் சொல்லிவிட்டேன். தொண்ணூறு கன அடியை முப்பத்தஞ்சே காலால் வகுத்தால் இரண்டு புள்ளி ஐம்பத்தஞ்சு கன மீட்டர். எழுதியும் ஆயிற்று. மீதி முப்பத்தொன்பது நிமிஷத்தை என்ன செய்ய. பரீட்சையில் முதலில் முடித்துவிட்டுப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்க்கிற பிள்ளை மாதிரி பார்க்கிறேன். பதினெட்டுப் பேர், பதினெட்டுத் தேக்கு. எல்லாருக்கும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு. எனக்கு முப்பத்தெட்டு. காலையில் பஸ்ஸில் ஏறினதும் டிரைவர் வருகைப் பதிவேட்டை என் கையில் கொடுத்து, "பிள்ளைகளை எண்ணிக்கிடுங்க மேடம்" என்றார். எண்ணினேன். எண்ணி முடித்த பிறகுதான் நானும் அதில் ஒருத்தி என்று சொன்னேன். எதைக் கையில் கொடுத்தாலும் எண்ணிவிடுவது என் பழக்கம்.

என் மரத்தின் நம்பர் 117. நெஞ்சு உயரத்தில் வெள்ளைப் பெயின்டில் ஒரு வளையம், வளையத்துக்கு மேலே நம்பர். நான் நம்பர் போட்ட மரங்களுக்கெல்லாம் நெஞ்சு கிடையாது, வெட்டுவாய்தான் உண்டு. லாரியிலிருந்து உருட்டிவிட்ட தடியின் வெட்டுவாயில் சாக்பீஸால் எழுதுவேன், நாடாவைச் சுற்றுவேன், நீளம் பிடிப்பேன், அடுத்தது. பதினாலு வருஷம். செங்கோட்டையில் பீர்முகம்மது முதலாளியின் தடி டிப்போவில் பில் போடத்தான் சேர்ந்தேன், அளவு பார்க்கிறவர் கண்ணில் புரை விழுந்து நின்றுவிட்டார், ஆள் கிடைக்கிறவரைக்கும் நீ பாரு தாயி என்றார் முதலாளி, இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை. போன தை மாசம் ஒரு தேக்கு மூன்று துண்டாக வந்தது, மூன்றும் சேர்ந்து தொண்ணூறு. அதன் சுற்று இதன் சுற்றேதான். கடப்பாரை போட்டு நாலு பேர் நெம்பி உருட்டினார்கள், உருளும்போது தரை அதிர்ந்து என் செருப்புக்குள் பாதம் கூசியது. அதுதான் இங்கே நிற்கிறது என்று நினைத்தால் சரியாக இருக்கிறது, ஆனால் சரியாகவும் இல்லை. அது கிடந்தது, இது நிற்கிறது. கிடக்கிறதை இடுப்பில் கை வைத்துக் குனிந்து பார்த்தால் போதும். இதைப் பார்க்கக் கழுத்து ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. பின்னந்தலை முதுகில் முட்டுகிறவரை சாய்த்தாலும் உச்சி தெரியவில்லை, இன்னும் இரண்டு அடி பின்னால் போனேன், அப்போதுதான் தெரிந்தது, மேலே முழுக்கப் பூ. பொரியை அள்ளி இறைத்த மாதிரி வெள்ளையாகச் சின்னச் சின்னப் பூ, அதில் தேனீக்கள் இருக்க வேண்டும், சத்தம் இங்கே வரைக்கும் இறங்கி வருகிறது. தேக்கு பூக்கும் என்பது எனக்குத் தெரியும், தாவரவியல் பட்டம் வாங்கினவள், பதினாறு வருஷத்துக்கு முன்னால் என்றாலும் வாங்கினவள்தான். ஆனால் தேக்குப் பூவை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். டிப்போவுக்குப் பூ வராது.

கெண்டைக்காலில் ஏதோ ஈரம். குனிந்தால் அட்டை, காலுறைக்கு மேலே தொற்றியிருக்கிறது. கத்தக் கூடாது. சீட்டின் ஓரத்தால் தள்ளிவிட்டேன், 2.55க்குப் பக்கத்தில் ஒரு சொட்டு ரத்தம் பட்டது. பட்டால் என்ன, எண் சரிதான். சரிதானா. சரிதான், ஏன் சந்தேகம், என்றைக்கு எனக்குப் பிசகியிருக்கிறது. பஸ்ஸில் எல்லாரும் பெயரும் படித்த கல்லூரியும் மார்க்கும் சொல்லி வந்தார்கள். ஒருத்தன் தங்கப் பதக்கம், ஒருத்தி டேராடூன் போய் வந்தவள். என் முறை வந்தபோது சொல்வதற்கு என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், சொல்லிவிட்டேன். "உலகம்மாள், செங்கோட்டை. தடி டிப்போவுல அளவு பாக்கேன், பதினாலு வருஷமா. கண்ணால பாத்தாப் போதும், நூத்துக்கு அஞ்சு கூடப் பிசகாது." பிள்ளைகள் ஓ என்றார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஈரோட்டுப் பெண் கவின்மதி கையைத் தட்டினாள். ஜெபமலர் மேடம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது, சந்தோஷத்தில்தான், இல்லை என்று சொன்னால் பொய். பிறகுதான் பயம் வந்தது. தன் பல்லக்கைத் தானே தூக்கிவிட்டால் பிறகு இறக்கி வைக்கவும் தானேதான் வேண்டும்.

ஒரு மணிக்குள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் இரண்டு வருஷம் நான் இந்தக் கல்லூரிக்காரி, வனவியலும் மர வழங்கல் மேலாண்மையும், முதுநிலை, முதலாம் ஆண்டு. கொடுக்காவிட்டால் என் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும், நான் சாயங்கால பஸ்ஸில் செங்கோட்டை போய்விடலாம். போகிற வழியையும் முதலாளி திறந்துதான் வைத்திருக்கிறார். "போயிப் பாரு உலகு. சரிப்படலேன்னா மனசப் போட்டு ஒளப்பிக்கிடாத, வியாழக்கெழமை லோடு எறங்குது, வந்துரு. அதுக்கு மேல நானும் வேற ஆளு பாக்கணும்லா." நேற்று ராத்திரியே கையெழுத்துப் போட்டிருக்கலாம், விடுதி அறையில் பேனாவைக்கூட எடுத்தேன். கவின்மதியும் இன்னும் இரண்டு பெண்களும் கணினியில் ஏதோ வரைபடம் போட்டுக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் பேசினதில் பாதி எனக்கு விளங்கவில்லை, பேனாவை மூடிவிட்டேன். வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் போன் போட்டு, நல்லா இருக்கு, சாப்பாடும் நல்லா இருக்கு என்று சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள், "அம்மா, ஒன்னைய யாராவது ராகிங் பண்ணாங்களா" என்று கேட்டாள். இல்லை என்றேன். பண்ணியிருந்தால்கூடத் தேவலை, ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள்.

நானாக வாங்கி வந்த வினைதான். போன வருஷம் இரண்டு மாசம் டிப்போவுக்குத் தடியே வரவில்லை. அறுக்கிறவர்கள் வாளுக்கு எண்ணெய் போட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏன் வரவில்லை என்று லாரிக்காரனைக் கேட்டால் ஏஜென்டைக் கேளு என்றான், ஏஜென்ட் மேலே கேளு என்றான், மேலே யார் என்று யாருக்கும் தெரியவில்லை. முதலாளி என்னைப் பார்த்து, "இது எங்க இருந்து வருது, எப்பம் வரும்னு நமக்கு எவனுக்காவது தெரியுமா" என்றார். என்னிடம் கேட்கவில்லை, சும்மா கேட்டார். எனக்குத் தைத்துவிட்டது. தடியைப் பற்றி டிப்போ கேட்டிலிருந்து உள்ளே எனக்கு எல்லாம் தெரியும், கேட்டுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. எந்த மலை, யார் நட்டது, எத்தனை வருஷம், யார் வெட்டலாம் என்றது, வெட்டின இடத்தில் என்ன வைத்தார்கள். வீட்டுக்கு வருகிற தண்ணீரைக் குழாயோடு தெரிந்துகொண்டு ஆற்றைத் தெரியாமல் இருந்தேன். விண்ணப்பம் போட்டேன், நுழைவுத்தேர்வு எழுதினேன், கிடைத்துவிட்டது. கிடைக்காது என்று நினைத்துத்தான் போட்டேன் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன், இந்த மரத்தின் அடியில் நிற்கும்போது அது உண்மை இல்லை என்று தெரிகிறது. கிடைக்க வேண்டும் என்று கிடந்து தவித்துத்தான் போட்டேன்.

இந்தக் கவின்மதி என்ன செய்கிறாள். இருபது தப்படி பின்னால் போய்விட்டாள், கையை நீட்டிப் பேனாவை நட்டமாகப் பிடித்து ஒரு கண்ணை மூடியிருக்கிறாள். மரத்தடியில் தன் தண்ணீர்ப் பாட்டிலை வைத்திருக்கிறாள், பாட்டில் எத்தனை அடுக்கினால் உச்சி என்று பேனாவால் எண்ணுகிறாள். முதலில் எனக்கு இளக்காரமாக இருந்தது, கண்ணிருக்கப் பேனா எதற்கு என்று. பிறகு பார்த்தால், இந்தப் பிள்ளை இதுவரை ஒரு தடியையும் தொட்டதில்லை, தனக்குத் தெரியாது என்று தெரிந்துகொண்டு, கையில் இருந்த பாட்டிலையும் பேனாவையும் வைத்து ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு அந்த வயசில் இந்தத் தைரியம் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. ஜெபமலர் மேடம் தூரத்தில் நடக்கிறார். முப்பத்தொன்று இருக்கும், என்னைவிட ஏழு வயசு சின்னவர், காலையில் ஒருதரம் அக்கா என்று ஆரம்பித்து உடனே உலகம்மாள் என்று மாற்றிக்கொண்டார், அந்த மாற்றம் எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை தேக்குச் சருகு கிடக்கிறது, அப்பளத்தின்மேல் நடக்கிற மாதிரி நாங்கள் நொறுக்கிக்கொண்டு வந்தோம், அவர் நடக்கிற சத்தமே கேட்கவில்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு நிமிஷம் நிற்கிறார், பிள்ளையைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்க்கிறார்.

இந்த மஞ்சணாற்றுத் தோப்பை 1929இல் நட்டார்களாம். நட்டவர்களில் ஒருத்தரும் இந்தப் பூவைப் பார்த்திருக்க மாட்டார்கள், இந்தச் சுற்றையும் பார்த்திருக்க மாட்டார்கள், தெரிந்தே நட்டிருக்கிறார்கள். சரி, நடுவதையாவது புண்ணியம் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் யாரோ வந்து அளந்திருக்கிறார்கள், ஒருதரம்கூட விடாமல். அதை என்னவென்று சொல்வது. வெட்டுவதற்காக அளக்கவில்லை, விற்பதற்காக அளக்கவில்லை, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் அளந்திருக்கிறார்கள். பெற்ற பிள்ளையைச் சுவரில் சாய்த்து நிற்கவைத்துத் தலைக்கு மேல் கோடு போடுவோமே, அப்படி. நான் லட்சம் தடி அளந்திருப்பேன், ஒன்றையும் இதற்காக அளந்ததில்லை. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் என்பார் முதலாளி, அவர் சொல்வது சரி, அளந்தது எல்லாம் போடுவதற்குத்தான். போடாமலே அளக்கிற ஒரு ஜாதி மனுஷர்கள் இந்த மலையில் இருந்திருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தியாக என்னையும் சேர்த்துக்கொள்ளக் கூப்பிடுகிறார்கள், நான் பேனாவை மூடி வைத்துக்கொண்டு அலைகிறேன். தொண்ணூறு. இரண்டு புள்ளி ஐம்பத்தஞ்சு. அதாவது சரியாக இருக்கட்டும். அது ஒன்று சரியாக இருந்தால் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

விசில் ஊதினார்கள். இனி இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து அளக்கலாம். கவின்மதி நேரே என்னிடம் வந்தாள். "ஏனுங்க்கா, உங்க மரத்த மொதல்ல பாத்துடலாங்களா? நான் நாடா புடிக்கறனுங்." நாடாவைச் சுற்றினோம், வளையத்தின் மேலேயே, ஒரு மீட்டர் எண்பது. என் கண்ணும் அதைத்தான் சொல்லியிருந்தது. உயரமானிக் கருவியை அவள் பிடித்தாள், இருபத்தெட்டு மீட்டர். அதுவும் நான் நினைத்ததுதான். அடிமரம் தடித்து நுனி மெலிவதற்கு ஒரு கழிப்பு உண்டு, அவர்கள் கொடுத்த பட்டியலில் இந்த வகைத் தேக்குக்குப் புள்ளி நாலு அஞ்சு. அவள் கைபேசியில் தட்டினாள், நான் தாளில் போட்டேன், சுற்றைச் சுற்றால் பெருக்கி, வட்டத்துக்குரிய பன்னிரண்டரைச் சொச்சத்தால் வகுத்து, உயரத்தால் பெருக்கி, கழிப்பைப் போட்டால் மூன்று புள்ளி இருபத்தஞ்சு. மறுபடி போட்டேன். மூன்று புள்ளி இருபத்தஞ்சு. கவின்மதி தன் சீட்டைப் பார்த்துவிட்டு, "நான் என்ற மரத்துக்கு சும்மா குத்துமதிப்பாப் போட்டனுங்க்கா, உங்களுது கரெக்டா வந்திருக்குமே" என்றாள். நான் சீட்டை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். "வந்திருக்கு" என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன்.

நூற்றுக்கு இருபத்தொன்றரை குறைவு. சுற்று சரி, உயரம் சரி, பின்னே எங்கே போனது ஐந்தில் ஒரு பங்கு மரம். கவின்மதியின் மரத்துக்குப் போய் நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கை பிடிக்கிறது, மனசு 117இன் அடியிலேயே தேடிக்கொண்டு கிடக்கிறது. பன்னிரண்டரை. பன்னிரண்டரையால் வகு. நான் எதால் வகுத்தேன். நான் வகுக்கவே இல்லை, மடித்தேன். டிப்போவில் அப்படித்தான், சுற்றை நாலாக மடி, மடித்ததை மடித்ததாலேயே பெருக்கு, நீளத்தால் பெருக்கு, முடிந்தது. நாலை நாலால் பெருக்கினால் பதினாறு. இவர்கள் பன்னிரண்டரையால் வகுக்கிற இடத்தில் நான் பதினாலு வருஷமாகப் பதினாறால் வகுத்துக்கொண்டிருக்கிறேன். அது தப்புக் கணக்கு இல்லை, விற்கிறவனுக்கும் தெரியும் வாங்குகிறவனுக்கும் தெரியும், உருண்டைத் தடியைச் சதுரமாக அறுத்தால் நாலு பக்கமும் பட்டையோடு சீவி எறிய வேண்டியிருக்கும், அந்தக் கழிவை முன்கூட்டியே கழித்துவிடுகிற கணக்கு. தடிக்கு அது நியாயம். ஆனால் இது தடி இல்லை. நிற்கிற மரத்தில் கழிவு என்று ஒன்று கிடையாது, பட்டையும் மரம்தான், ஓரமும் மரம்தான். நான் என்ன செய்திருக்கிறேன், பூத்து நிற்கிற ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்து நின்ற அதே நேரத்தில் கண்ணாலேயே அதை வெட்டிச் சதுரமாக அறுத்து முடித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பிசகினதுக்காக இல்லை, அதுவும்தான், ஆனால் அதற்கு மேலே. பதினாலு வருஷத்தில் ஒரு மரத்தைக்கூட முழுசாக நான் பார்க்கவில்லை. வியாழக்கிழமை லோடு இறங்கும். அங்கே இந்தக் கண் போதும். அங்கே இந்தக் கண்ணுக்கு மரியாதை உண்டு. போய்விடலாம், சீட்டை யாரும் கேட்கப்போவதில்லை, நூற்றுக்கு அஞ்சு பிசகாதவளாகவே பஸ் ஏறிவிடலாம்.

எல்லாரையும் வட்டமாக உட்காரச் சொல்லி ஜெபமலர் மேடம் ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார். அவரவர் மரத்தின் வரலாறு, அஞ்சு வருஷத்துக்கு ஒரு வரி, பழைய அடிக் கணக்கை யாரோ பின்னால் கன மீட்டருக்கு மாற்றி எழுதியது. அமைதியாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் சலசலத்தார்கள். தங்கப் பதக்கக்காரன் கையைத் தூக்கி, "மேடம், என் மரம் அம்பத்தெட்டுல கொறைஞ்சிருக்கு" என்றான். எனக்கும், எனக்கும் என்று பத்துப் பேர். என் அட்டையைப் பார்த்தேன். 1953இல் 1.02. 1958இல் 0.93. 1963இல் 1.34. மேடம் தலையை ஆட்டினார். "எல்லா மரத்துக்கும் அப்பிடித்தான். நூத்தித் தொண்ணூறு மரமும் அந்த ஒரு தடவை எளைச்சிருக்கு. மரம் எளைக்காது, உங்களுக்கே தெரியும். சுற்றளவு எழுதின ஏட்டைக் கரையான் தின்னுட்டுது, கன அளவு மட்டும்தான் மிஞ்சிச்சு, அதனால திரும்பப் போட்டுப் பாக்கவும் முடியல. வறட்சின்னு ஒருத்தர் எழுதியிருக்கார், நாடா நீண்டுபோச்சுன்னு ஒருத்தர். நான் இங்க வந்து ரெண்டு வருஷம் ஆவுது, எனக்கும் தெரியல. யாருக்காவது ஏதாவது தோணுதா?" திருட்டு என்றான் ஒருவன். தீ என்றாள் ஒருத்தி. திருடினால் மரம் போகும், மெலியாது என்று மேடம் சொன்னார்.

நடுவில் உள்ளதுதானே. 1.02க்கும் 1.34க்கும் நடுவே 1.18. அவ்வளவு இருந்திருக்க வேண்டும், 0.93 இருக்கிறது. 1.18இல் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே கழித்தால், இருபத்தொன்றரை கழித்தால். அதே 0.93. கவின்மதியின் அட்டையை எட்டிப் பார்த்தேன், 0.66, 0.60, 0.87. நடுவே 0.765, அதில் இருபத்தொன்றரை போனால் 0.60. ஒரு சொட்டு பிசகவில்லை. ஐயா, நீரும் டிப்போ ஆளா. யார் அனுப்பினார்கள் உம்மை இங்கே, அந்த வருஷம் வழக்கமாக அளக்கிறவருக்குக் காய்ச்சலா, கண்ணில் புரையா, ஆள் கிடைக்கிறவரைக்கும் நீ பாரு என்றார்களா. வந்தீர், அட்டை கடிக்கக் கடிக்க நூற்றித் தொண்ணூறு மரத்தையும் ஒன்றுவிடாமல் சுற்றி அளந்தீர், ஒரு மரத்தில்கூடச் சோம்பல் படவில்லை, ஒரு பெருக்கல்கூடத் தப்பவில்லை, ஒரே ஒரு பழக்கம் மட்டும் உம்முடைய கையில் ஏறி மலைக்கு வந்துவிட்டது, நாலாக மடித்தீர். பிழையை இத்தனை ஒழுங்காகச் செய்த மனுஷனை நான் பார்த்ததில்லை. திருடர் என்கிறான் ஒருத்தன், நாடா நீண்டது என்கிறார்கள், அறுபது எழுபது வருஷமாக உம்முடைய வேலையைப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உம்முடைய எண்கள் எல்லாம் சரி என்று சொல்ல இந்த மலையில் ஒரே ஒருத்திதான் இருக்கிறாள், அவள் சாயங்கால பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். சொல்லாமல் போனால் என் பெருமை நிற்கும். சொன்னால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். கவின்மதியிடம் வேறு வந்திருக்கு என்று சொல்லித் தொலைத்தேன். வயசுக்கு மீறி வெட்கப்படுகிறவளுக்கு எந்தப் படிப்பும் ஏறாது என்று எனக்கே தெரிகிறது, தெரிந்தும் கை தொடையில் ஒட்டிக்கொண்டு எழ மாட்டேன் என்கிறது. எழுந்துவிட்டது.

"மேடம், மரம் எளைக்கல. அளந்தவரு டிப்போக்காரரு." எல்லாரும் திரும்பினார்கள். சீட்டைப் பிரித்தேன், ரத்தக்கறையோடு மேடத்திடம் நீட்டினேன். "எனக்கு எப்பிடித் தெரியும்னா, நானும் இப்பம் அதையேதான் செஞ்சேன். எம் மரம் மூணே கால், நான் ரெண்டரைன்னு போட்டுட்டேன். சுத்த நாலா மடிச்சுட்டேன் மேடம். தடிக்குப் போடுத கணக்க நிக்கிற மரத்துக்குப் போட்டுட்டேன். காலைல நூத்துக்கு அஞ்சு பிசகாதுன்னு சொன்னது சும்மா வாயி. இவளுட்டயும் சரியா வந்திருக்குன்னு பொய் சொன்னேன்." கவின்மதி என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கைபேசியை எடுத்து என் அட்டையையும் தன் அட்டையையும் தட்ட ஆரம்பித்துவிட்டாள். "ஆமாங் மேடம், ரெண்டும் ஒத்து வருதுங்." ஒவ்வொருவராக அட்டையை நீட்டினார்கள். பதினெட்டில் பதினாறு ஒத்து வந்தது. ஒன்று இடி விழுந்து உச்சி முறிந்த மரம். இன்னொன்று ஏன் ஒத்து வரவில்லை என்று தெரியவில்லை. ஜெபமலர் மேடம் என் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பன்னெண்டரைக்குப் பதிலாப் பதினாறு" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "வளர்ச்சியும் சேர்ந்து மறைச்சிருக்கு, அதான் யாருக்கும் புரியல. நூத்தித் தொண்ணூறுக்கும் போட்டுப் பாக்கணும். ஆனா எனக்கு நீங்க சொல்றது சரின்னுதான் படுது." அவர் முகத்தில் இருந்ததை நான் டிப்போவில் யார் முகத்திலும் கண்டதில்லை. என்னைப் பாராட்டவில்லை, ஆசையாகப் பார்த்தார், பசித்தவர் சாப்பாட்டைப் பார்ப்பதுபோல. அறிவுக்கு இப்படிப் பசிக்கிற ஆளிடம் படிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

பஸ்ஸிலிருந்து, கன அளவு எழுதின மூல ஏட்டைக் கொண்டுவந்தார். தடிமனான பழைய ஏடு, துணி அட்டை. 1958ஆம் வருஷப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். எண்கள் வரிசையாக, நூல் பிடித்த மாதிரி, அடித்தல் திருத்தல் இல்லை. கீழே இ. சங்கரநாராயணன் என்று கையெழுத்து. "இந்த ஏட்டுல யாரும் எதையும் அடிக்கக் கூடாதுன்னு ஒரு வழக்கம். தப்புன்னு தெரிஞ்சாலும் அது அப்பிடியே நிக்கணும். கண்டுபிடிச்சவங்க கீழ எழுதிப் பேரும் பதவியும் போடணும். எழுதுங்க." நான் எழுதினேன். நாலில் ஒரு பங்கு முறையில் கணக்கிடப்பட்டதாகத் தெரிகிறது, முழுக் கன அளவுக்கு ஒவ்வொன்றையும் 0.785ஆல் வகுத்துக்கொள்ளவும், அளவுகள் நம்பத்தக்கவை. கடைசி இரண்டு சொல்லையும் யாரும் எழுதச் சொல்லவில்லை, அந்த மனுஷனுக்காக எழுதினேன். பெயர் எழுதினேன். பக்கத்தில் பதவி. அந்தக் கட்டத்தில் மேலே ரேஞ்சர் இருந்தார், ஆய்வாளர் இருந்தார், பேராசிரியர் இருந்தார். பேனா நின்றது. டிப்போ அளவுக்காரி என்று எழுதலாம், பொய் இல்லை, வியாழக்கிழமை வரைக்கும் அந்தப் பதவி எனக்கு இருக்கிறது. கவின்மதி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு, "சீக்கிரம் எழுதுங்க்கா, ஒத்து வராத அந்த மரத்தப் போய்ப் பாக்கோணும்" என்றாள். மாணவி என்று எழுதினேன். அடிக்கக் கூடாத ஏடு அது.